ஏழாம் நம்பர் அட்டை

கப்பல் பயணிகளை ஊர் சுற்றிக் காட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். “அக்கா, கப்பல் காலையில தூத்துக்குடிக்கு வருது, சாயங்காலம் கிளம்பிருது. அதுக்குள்ள எதைக் காட்டி அவங்களைச் சந்தோஷப்படுத்துறது?” கோயிலைக் காட்டு, பால்கோவா வாங்கிக் கொடு, ராஜபாளையத்தில் சாப்பாடு போடு, நேரத்துக்குத் துறைமுகத்தில் கொண்டுபோய் விடு என்று ஒரு மூச்சில் பதில் சொல்லி உங்களை அனுப்பிவிடலாம். பல வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். யாரும் குறை சொன்னதில்லை. யாரும் என்னை நினைவு வைத்துக்கொண்டதுமில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் ரோஸ்லின். பிறந்தது, வளர்ந்தது, இப்போது தனியாக உட்கார்ந்து வெந்நீர் போட்டுக் குடிப்பது எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவேன், மற்ற நாளெல்லாம் ஆண்டாளைப் பற்றி வெள்ளைக்காரர்களுக்குக் கதை சொல்வேன். “ஒங்களுக்கு ரெண்டு பக்கமும் புண்ணியம்க்கா” என்று டிரைவர் பால்ராஜ் கிண்டல் செய்வான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

இந்த வேலையில் ஒரு தனிமை இருக்கிறது. அதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பகல் முழுக்க ஒரு பஸ் நிறைய ஆட்கள் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இறங்கும்போது கட்டிப்பிடித்து, கட்டாயம் எழுதுகிறேன் என்பார்கள். அப்புறம் கப்பல் போய்விடும். காலி பஸ்ஸில், சீட்டில் யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில்கள் உருள, நீங்கள் மூன்று மணி நேரம் திரும்பி வருவீர்கள். முதல் வருஷம் நான் கடிதத்துக்குக் காத்திருந்தேன். இரண்டாம் வருஷம் காத்திருக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரு தடவை கோயில் வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகும் ஓர் அம்மாள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாள். தனியாக வந்தவள். கோபுரத்தின் அருமை பெருமையெல்லாம் சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. அவள் கையில் இருந்த போனில் ஒரு நாயின் படம் இருந்தது. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். வயசான நாய், திரும்பிப் போகும்போது இருக்குமோ இருக்காதோ என்ற கவலை. மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடும்போது அவளை ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மில் தொழிலாளி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு வெள்ளை நாய் உண்டு. நம் ராஜபாளையம் நாயின் குணம் தெரியுமே, புது ஆளைப் பக்கத்தில் விடாது. அது தள்ளி உட்கார்ந்து அவளைப் பார்த்தது. அவளும் முற்றத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். ஒருவரை ஒருவர் தொடவே இல்லை. கிளம்பும்போது முகம் தெளிந்திருந்தது. கப்பல் நின்ற ஊர்களிலேயே இங்கேதான் வேடிக்கை பார்ப்பதைத் தவிர எனக்கு ஒரு வேலை இருந்தது என்றாள்.

அன்றிலிருந்து ‘என்ன பார்க்க ஆசை’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். ‘யாரை விட்டுவிட்டு வந்தீர்கள்’ என்று கேட்பேன். எதைக் காட்டுவது என்பதற்கான பதில் அதிலேயே வந்துவிடும். இதை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் கதையே நிற்கிறது. கப்பல்காரர்கள் பஸ் திரும்பி வர ஒரு நேரம் கொடுப்பார்கள். அதைப் பயணிகளிடம் அப்படியே சொல்லக் கூடாது. ஒரு மணி நேரத்தை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு மீதியைத்தான் சொல்ல வேண்டும். டயர் வெடிக்கலாம், ஒருவருக்கு மயக்கம் வரலாம், ரயில்வே கேட் போடலாம். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் சொன்னது இது: “அந்த ஒரு மணி நேரம் உன்னுது இல்ல. அது கப்பலுது. தொட்டுறாத.” நான் தொட்டதில்லை, ஒரே ஒரு தடவை தவிர.

அது மார்கழி. கப்பலில் இருந்து ஊர் பார்க்கக் கிளம்பும் ஒவ்வொரு பஸ்ஸிலும் கப்பல் ஊழியர் ஒருவர் துணைக்கு வருவார் என்பது உங்களுக்குத் தெரியும். கடைசியில் நடந்து வந்து தலைகளை எண்ணுவார், மருந்துப் பை தூக்குவார், கூலியாக ஊரை இலவசமாகப் பார்ப்பார். அன்று எங்கள் ஏழாம் நம்பர் பஸ்ஸுக்கு வந்தவள் மாநிறமாக, தலையில் கப்பல் தொப்பியோடு ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். நான் இங்கிலீஷில் வணக்கம் சொன்னேன். அவள் தமிழில், “நீங்க ஸ்ரீவில்லிபுத்தூராமேக்கா? நான் சேத்தூரு” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராஜபாளையம் தாண்டி அரை மணி நேரத்தில் இருக்கும் சேத்தூரில் இருந்து புறப்பட்டு உலகத்தைச் சுற்றிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறாள்.

“பேரு கவிதாக்கா. ரூம் சுத்தம் பண்ற வேலை. இந்த பஸ்ல துணைக்கு வாரதுக்கு இன்னொருத்தியோட வேலையையும் சேத்து ரெண்டு வாரமா நாந்தான் பாத்தேன்.” அப்படி என்ன அவசரம் என்று கேட்டேன். மடியில் வைத்திருந்த பையைத் திறந்து காட்டினாள். கப்பல் படம் போட்ட சிறுபிள்ளைச் சட்டைகள் இரண்டு. ஒரே நிறம், வேறு வேறு அளவு. “எம் மகன் கதிருக்கு. நாலு வயசு. விட்டுட்டு வந்து எட்டு மாசமாச்சு. இப்ப எம்புட்டு வளந்திருக்கான்னு தெரியலக்கா. அதான் ரெண்டு வாங்குனேன்.”

அவள் கணவன் பிரிந்து போய்விட்டான். அதை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு மகனைப் பற்றிக் கோவில்பட்டி வரைக்கும் பேசினாள். பையன் சேத்தூரில் அவளுடைய அக்கா முத்துலட்சுமியிடம் வளர்கிறான். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. பதினொரு மணிக்குப் பையனோடு கோபுர வாசலுக்கு வந்துவிடச் சொல்லியிருக்கிறாள். பயணிகள் பிராகாரம் சுற்றி வரும் நேரத்தில் அவள் மகனைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவ்வளவுதான் திட்டம். பயணிகளிடம் அவர்கள் விட்டுவந்தவர்களைப் பற்றிக் கேட்கும் எனக்கு, கூட வருகிற ஊழியரிடம் அதுவரை கேட்கத் தோன்றியதில்லை.

கோயிலில் மார்கழிக் கூட்டம். நான் கோபுரத்தைக் காட்டி, தான் சூடிப் பார்த்த மாலையைச் சாமிக்குக் கொடுத்த பெண்ணின் கதையைச் சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்தபடி இருந்தேன். கவிதா வெயிலில் நின்றாள். வத்திராயிருப்பு, ராஜபாளையம் என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்து யார் செருப்பைக் கழற்றினாலும் அவள் கழுத்து திரும்பியது. பயணிகள் சுற்றி வந்து, படம் எடுத்து, பால்கோவா தின்று விரலைச் சூப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்படியே நின்றாள். பிறகு போன் பேசினாள். பேசி முடித்து என்னிடம் வந்தாள்.

“வரலையாம்க்கா. கூட்டிட்டு வர மாட்டாளாம்.” போனை என்னிடம் நீட்டினாள். “நீங்க செத்த பேசிப் பாருங்க.”

முத்துலட்சுமி கெட்டவள் என்று நினைத்துத்தான் போனைக் காதில் வைத்தேன். ஆனால் அவள் என்னிடம் நியாயம் கேட்டாள். “அம்மா, நீங்க பெரியவிய. நீங்களே ஞாயத்தச் சொல்லுங்க. அவ போன புதுசுல இந்தப் பய தெனம் சாயங்காலம் செருப்ப மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போயிருவான். கடைசி பஸ் வார வரைக்கும் வர மாட்டான். காய்ச்சல்ல விழுந்தான். போன்ல முகத்தக் காட்டுனா, கட் பண்ணதும் தலைய மோதிக்கிட்டு அழுவான்னு அதையும் நிறுத்திட்டேன். இப்பத்தாம்மா அவளக் கேக்கிறத விட்டிருக்கான். நல்லா சாப்பிடுதான். இவ ஒரு மணி நேரம் வந்து கொஞ்சிட்டுக் கப்பலேறிப் போயிருவா. பொறவு யாரும்மா அவனத் தேத்துறது?”

இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் இன்றைக்கும் இருவர் பக்கமும் தலையாட்டுவேன். கவிதா என் கையைப் பிடித்தாள். “அக்கா, நான் அவன்ட்ட பேச மாட்டேன். தூரமா நின்னு பாக்கேன். நாந்தான்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். அவ சொல்றதும் சரிதான. ஆனா பாக்காமப் போக முடியாதுக்கா.”

ராஜபாளையத்தில் எங்களுக்குச் சாப்பாடு ஏற்பாடாகியிருந்தது. அங்கிருந்து சேத்தூர் போய் நின்று திரும்பினால் முந்தானையில் முடிந்து வைத்த அந்த ஒரு மணி நேரம் போய்விடும். பஸ் தாமதமானால், நமக்கு வேலை கொடுக்கும் கப்பல் ஏஜென்ட் என் தலையைக் கொய்துவிடுவார். பட்டியலில் இல்லாத இடத்துக்குப் பயணிகளைக் கூட்டிப்போனது தெரிந்தால் அடுத்த சீசன் எனக்குக் கப்பல் கிடையாது. பால்ராஜிடம் போய்ச் சொன்னேன். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டு, பொறவு குத்துதே கொடையுதேன்னு சொல்லக் கூடாது பாத்துக்கங்க” என்றான். சொல்லிவிட்டு வண்டியில் ஏறி டீசல் முள்ளைப் பார்த்தான். அவன் சம்மதம் சொல்லும் விதம் அது.

சாப்பாடு முடிந்ததும் பயணிகளிடம் மைக்கில் சொன்னேன். பட்டியலில் இல்லாத ஓர் ஊரில் இளநீர் குடிக்கப் போகிறோம், விருப்பமா என்றேன். முன் சீட்டுக் கிழவர் அந்த ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டார். ஒரு விசேஷமும் இல்லை, பார்க்க ஒன்றுமே கிடையாது என்றேன். பஸ்ஸே சிரித்தது. இரண்டு வாரமாகப் புகழ்பெற்ற இடங்களைப் பார்த்துப் பார்த்து அவர்கள் அலுத்துப்போயிருந்தார்கள் போல. எல்லோரும் கை தூக்கினார்கள்.

போகும் வழியில் நானே முத்துலட்சுமிக்குப் போன் போட்டேன். வீட்டுக்கு எதிரே இருக்கும் இளநீர்க் கடையில் பஸ் நிற்கும், அவ்வளவுதான், கவிதா தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தள்ளி நிற்பாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள் என்று சத்தியம் செய்தேன். “தொப்பியையும் கண்ணாடியையும் கழத்தக் கூடாது” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். ஆக மொத்தம் மூன்று பெரிய மனுஷிகள் சேர்ந்து ஒரு நாலு வயசுப் பிள்ளைக்கு நாடகம் போட முடிவு செய்தோம்.

சேத்தூரில் பஸ் நின்றதும் தெருவே திரண்டுவிட்டது. இளநீர்க்காரர் அத்தனை வெள்ளைக்காரர்களை ஒன்றாகப் பார்த்ததும் அரிவாளை எங்கே வைத்தோம் என்று தேடினார். முன் சீட்டுக் கிழவர் இளநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார், பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். நான் பேரம், ஸ்ட்ரா என்று அலைய வேண்டியிருந்ததால் கையிலிருந்த அட்டையைக் கவிதாவிடம் கொடுத்தேன். அதுதான் நம் ஆயுதம், குச்சியில் சொருகிய வட்ட அட்டை, பெரிதாக 7 என்று எழுதியது. நாமெல்லாம் லாலிபாப் என்போமே, அதேதான். அவள் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக, அட்டையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸின் நிழலில் ஒதுங்கி நின்றாள்.

எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் பையன் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முத்துலட்சுமி. பையன் அவள் கையை உதறிவிட்டு ஓடி வந்தான். வெள்ளைக்காரர்களைப் பார்க்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவன் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கவிதா முன்னால் வந்து நின்று அட்டையை அண்ணாந்து பார்த்தான்.

“ஏ அத்தை, இது என்னது?”

கவிதா வாயைத் திறக்கவில்லை. அவன் விடவில்லை. அவள் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, “எதுக்கு இது? சொல்லு அத்தை” என்றான். அந்தக் கை பட்ட பிறகு எந்தச் சத்தியம் நிற்கும்? அவள் குனிந்தாள். குரலை மாற்றிக்கொள்ளப் பார்த்து, முடியாமல், மெதுவாகச் சொன்னாள்: “இத உசரத் தூக்கிப் பிடிச்சா, எங்கெங்கயோ போனவங்க எல்லாம் இதப் பாத்துட்டுத் திரும்பி வந்துருவாங்க.”

பையன் தலையைச் சாய்த்து அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணாடிக்குள் தன்னைத்தான் பார்த்திருப்பான். பிறகு, “எனக்குத் தாரியா?” என்றான். கவிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அட்டை கப்பலின் சொத்து. நான் தலையாட்டினேன். அவன் அதை வாங்கித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு தெருவில் ஒரு சுற்று ஓடினான். பயணிகள் அவன் பின்னால் வரிசை கட்டி நடந்தார்கள், கைதட்டினார்கள். அன்று அவர்கள் எடுத்த படங்களில் கோபுரத்தைவிட அவன்தான் அதிகம் இருந்திருப்பான்.

கிளம்பும் நேரம் முத்துலட்சுமி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தங்கச்சியிடம் நீட்டினாள். பையன் பக்கத்திலேயே நின்றான். “குடிங்க” என்றாள். கவிதா குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். “போயிட்டு வாங்க” என்றாள் முத்துலட்சுமி. பிறந்ததிலிருந்து ஏட்டி என்று கூப்பிட்ட தங்கச்சியை. கவிதா ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். பஸ் நகர்ந்ததும் அவள் கடைசி சீட்டில் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுத சத்தம் ஏ.சி. சத்தத்தையும் மீறி முன்னால் வந்தது. நான் மைக்கைப் போட்டுப் பருத்தி விவசாயத்தைப் பற்றி ஏதேதோ உளறினேன்.

ஓணான் குத்தத்தானே செய்யும்? கோவில்பட்டி தாண்டி ஒரு பஞ்சு லாரி ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. மூட்டைகள் சிதறி, இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. முந்தானையில் முடிந்தது எப்போதோ அவிழ்ந்துவிட்டது. ஏஜென்ட் போனில் கத்தினார். இந்த இடத்தில்தான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, லாரி மேலேயே எல்லாப் பழியையும் போட்டுவிடலாம். கடைசி சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். பொய் சொன்னால், விசாரணை வரும்போது அவள் தலையில்தான் விடியும். “சேத்தூருக்குப் போனது என் முடிவு. கூட வந்த பொண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல” என்று ஏஜென்டிடம் சொன்னேன். பிறகு பயணிகளுக்கு நிலைமையை உள்ளபடி சொன்னேன். பால்ராஜ் வண்டியைப் பின்னால் எடுத்து, கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு கிராமத்து ரோட்டில் விட்டான். தெரியாத வழியில் கூட்டத்தோடு போகாதே என்பது நம் தொழிலில் பால பாடம். அவனுக்கு அந்த வழி தெரியும் என்று நம்பினேன். நம்பினது வீண்போகவில்லை.

கப்பல் எங்களுக்காக நின்றது. மற்ற பஸ்ஸெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. ஏணிக்குப் பக்கத்தில் நின்ற ஏஜென்ட், “அட்டை எங்க?” என்பதைத்தான் முதலில் கேட்டார். வெறும் கையைத் தூக்கிக் காட்டிக் கூட்டத்தை நடத்திப்போனேன். கடைசியாக வந்த கவிதா மகனுக்கு வாங்கிய சட்டைகள் இருந்த பையை என்னிடம் திணித்தாள். “நீங்களே குடுத்துருங்கக்கா. யாரு குடுத்தான்னு சொல்ல வேண்டாம்.” கப்பலின் கதவுக்குள் போகும்வரை அவள் தொப்பி தெரிந்தது.

பயணிகள் கருத்துச் சீட்டில் இளநீர் குடித்த ஊர்தான் பயணத்திலேயே சிறந்தது என்று பலர் எழுதினார்களாம். ஏஜென்ட் அதையும் குற்றப் பட்டியலில் சேர்த்தார். அடுத்த சீசன் எனக்குக் கப்பல் வரவில்லை. வயசாகிவிட்டது, ஓய்வு எடுத்துக்கொண்டேன் என்று ஊரில் சொன்னேன். செய்தது தப்பென்று அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் செய்த விதத்தில் ஒரு பெரிய தப்பு இருந்தது. அது எனக்குத் தெரிந்தது பிறகுதான்.

சட்டைகள் இருந்த அந்தப் பை வீட்டில் நாற்காலி மேலேயே கிடந்தது. தனியாக இருப்பவர்கள் வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்திலேயே இருக்கும், யாரும் நகர்த்த மாட்டார்கள். சில வாரம் கழித்து, பேச ஆளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சாப்பிட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சேத்தூரில் இறங்கும்போது சாயங்காலம். இறங்கின கையோடு பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில், செருப்பை மாட்டிக்கொண்டு கதிர் நின்றிருந்தான். ஏழாம் நம்பர் அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான்.

“ஏலே, என்னலே பண்ணுத இங்க?”

“பிடிக்கேன்.”

“யாருக்குலே பிடிக்க?”

“எங்கம்மாவுக்கு. அன்னைக்கு பஸ்ல வந்தாள்ல.”

அங்கேயே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். “அவ ஒங்கம்மான்னு தெரிஞ்சிதாலே ஒனக்கு?” என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினான், இது ஒரு கேள்வியா என்பதுபோல. “பொறவு ஏன்லே அம்மான்னு கூப்பிடல?”

அட்டையைச் செத்த நேரம் இறக்கிவைத்துவிட்டுச் சொன்னான். “அவளுக்கு என்னைத் தெரியல. நான் வளந்துட்டேன்ல.”

பிள்ளைகளா, இந்தத் தொழிலில் எவ்வளவோ நெருக்கடி பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் நின்றதுபோல எங்கேயும் நின்றதில்லை. அவன் தாங்க மாட்டான் என்று நாங்கள் மூன்று பேரும் முடிவு செய்தோம். அவனைக் கேட்கவில்லை. பிரிவைத் தாங்கியிருப்பான் அவன். நாங்கள் கொடுத்தது அதைவிடப் பெரியது. பெற்ற தாய் தன்னைப் பார்த்தும் அடையாளம் தெரியாமல் போய்விட்டாள் என்ற பாரத்தை, அவளைக் குற்றமும் சொல்லாமல், அத்தனை நாள் தனியாகச் சுமந்திருக்கிறான். ஒரு பகல் குறைவான நேரம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்ள அது தாராளம். நாங்கள்தான் கூப்பிட விடவில்லை.

யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றுதான் கவிதா சொல்லியிருந்தாள். அந்தச் சொல்லை மீறினேன், சந்தோஷமாக. பையைப் பிரித்து அவன் மடியில் வைத்தேன். “ஒங்கம்மாவுக்கு ஒன்னத் தெரியும்லே. பாத்த ஒடனே தெரிஞ்சிது. ஒனக்குன்னுதான் இத வாங்கிட்டு வந்தா. நீ அழுவியோன்னு பயந்து சொல்லல. நாங்க பெரிய ஆளுகதான் மக்குப் பயபுள்ளைக.”

அவன் சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சின்னதைப் போட்டுப் பார்த்தான், தலை நுழையவில்லை. பெரியதைப் போட்டான். சரியாக இருந்தது. நெஞ்சில் இருந்த கப்பலைக் கையால் தடவிக்கொண்டே, “இது எம்புட்டு அளவுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டான். முத்துலட்சுமிக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். அவள் வந்து, கேட்டு, அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்று இரவே கவிதாவுக்குச் செய்தி அனுப்பச் சொன்னேன், முகத்தைக் காட்டிப் பேசச் சொன்னேன். அழுதால் அழட்டும், அழுகை அவன் உரிமை என்றேன். அவள் ஒத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வாலே என்று அவள் கூப்பிட்டபோது அவன் வரவில்லை. இன்னும் கடைசி பஸ் வரவில்லையாம். அம்மா இன்றைக்கு வர மாட்டாள், அவள் கப்பல் வேறு கடலில் இருக்கிறது என்று எவ்வளவோ சொன்னோம். தெரியும் என்றான், இருந்தாலும் பிடித்து வைத்தால் நல்லது என்றான். முத்துலட்சுமி அவனுக்குத் தோசை வார்க்கப் போனாள். நான் இருந்தேன். எனக்கு வீட்டில் காத்திருப்பவர் யார்?

சங்கரன்கோவில் பஸ் போனது, தென்காசி பஸ் போனது. ஒவ்வொன்றுக்கும் அவன் அட்டையை எக்கித் தூக்கினான். கொஞ்ச நேரத்தில் என் பக்கம் திரும்பினான்.

“கை வலிக்கு அத்தை. நீ செத்த பிடிக்கியா?”

வாங்கிக்கொண்டேன். முப்பது வருஷம் யார் யாருக்காகவோ தூக்கிப் பிடித்த அட்டை. எழுந்து நின்று, பஸ்காரனுக்கு நன்றாகத் தெரியும்படி, என்னால் முடிந்த உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன்.